பனையோலையில் சீவாளி செய்ய முடியுமா?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.

ஹெட்போன்ல கேக்கறவங்க வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கங்க. இன்னைக்கு நடுநடுவுல நாகஸ்வரம் வரும். அது யார்கிட்டயும் பர்மிஷன் கேட்டுட்டு வராது.

முதல்ல ஒரு கேள்வி. சின்ன வயசுல பூவரச இலையைச் சுருட்டி பீப்பீ ஊதியிருக்கீங்களா? இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால அமுக்கித் தட்டையாக்கி, உதட்டுல வெச்சு ஊதினா 'பீ'ன்னு ஒரு சத்தம் வரும். சில ஊர்ல பப்பாளி இலைத் தண்டு, சில ஊர்ல பூசணித் தண்டு. எதுவா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான். தட்டையான முனையில ரெண்டு விளிம்பு இருக்கு. காத்து போகும்போது ரெண்டும் மூடித் திறந்து, மூடித் திறந்து அதிருது. நாகஸ்வரம், ஷெனாய், ஓபோ, பேக்பைப்ல மெட்டு வாசிக்கற குழல் எல்லாத்துக்கும் அடிப்படை இதே டெக்னாலஜிதான்.

நாகஸ்வரத்துல அந்தப் பூவரச இலை செய்யற வேலையைச் செய்யறதுதான் சீவாளி. கருவியோட உச்சியில, வாயில வைக்கற அந்தச் சின்னத் தட்டை. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதைப் பத்தித்தான். அதை எதுல செய்யறாங்க? வேற செடியில செய்ய முடியுமா? முடிஞ்சா, செய்யணுமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்த காரணம் சிம்பிள். நான் கடலூர்ல இருந்து வேலை பாக்கற ஒரு சாஃப்ட்வேர் ஆளு. என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் சிதம்பரத்துல இருக்கான், வேலைக்குப் போயிட்டே நாகஸ்வரம் கத்துக்கறான். ஒருநாள் போன்ல சொன்னான்: "அண்ணே, நல்ல சீவாளி ஒண்ணுதான் இருக்கு. அதை சாதகத்துக்கு எடுக்க மனசு வரல. தேஞ்சு போனதை வெச்சுதான் பழகறேன்." நல்லதை வெச்சு பழகினா அது தேஞ்சிடும். தேஞ்சதை வெச்சு பழகினா வாய் தப்பாப் பழகும். கத்துக்கற எல்லாருக்கும் இருக்கற சிக்கல் இது. அங்க இருந்துதான் தேட ஆரம்பிச்சேன்.

ஒரு செகண்டுக்கு 293 தடவை

மொதல்ல கருவியைப் பாத்துடலாம். நீளமான மரக் குழலுக்கு உலவுன்னு பேரு. ஆச்சா மரத்துல கடைவாங்க. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கற ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவாங்க, ஏன்னா அது நல்லா காஞ்சு பதமா இருக்கும். கும்பகோணம் பக்கத்துல நரசிங்கம்பேட்டைதான் இதுக்குப் பேர் போன ஊர். 2022ல நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அடியில விரிஞ்சு இருக்கறது அணசு. மேல சொருகற சின்ன உலோகக் குழாய் கெண்டை. அந்தக் கெண்டை மேலதான் சீவாளி உக்காரும்.

சீவாளி ஒரு வால்வு மாதிரி. ஊதினா இடுக்கு மூடிக்கும். தட்டைக்கு இருக்கற ஸ்பிரிங் தன்மையால திரும்பத் திறக்கும். எவ்வளவு வேகமா மூடித் திறக்கணும்னு குழலுக்குள்ள இருக்கற காத்துத்தூண் தீர்மானிக்கும். இன்னைக்கு நிறைய பேர் வாசிக்கற பாரி நாகஸ்வரத்துல ரெண்டு கட்டை சுருதின்னு வெச்சுக்கங்க. நடு ஷட்ஜம் சுமார் 293 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு செகண்டுக்கு 293 தடவை அந்தத் தட்டை மூடித் திறக்குது. மேல் ஷட்ஜம் போனா அதுக்கு டபுள். இதை மணிக்கணக்கா, எச்சில்ல ஊறிக்கிட்டே, பிளக்காம செய்யணும்.

முன்னாடி எல்லாரும் வாசிச்சது திமிரி. குட்டையானது, சுருதி ரொம்ப மேல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, 1898ல பிறந்து 1956 வரைக்கும் வாழ்ந்தவர், நீளமான பாரியைப் பிரபலமாக்கினார். சுருதி கீழ வந்துது, குரல் மாதிரி இழைஞ்சு வாசிக்க முடிஞ்சுது. கருவி மாறக் கூடாதுன்னு யாராவது சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்கங்க. நாம "பாரம்பரியம்"னு சொல்ற அந்த சவுண்டுக்கே நூறு வருஷம்தான் ஆகுது.

கொருக்கை, நெல், வெயில்

சீவாளி செய்யறது கொருக்கைங்கற நாணல் வகைப் புல்லுல. கொருக்கந்தட்டைன்னும் சொல்வாங்க. காவிரி, கொள்ளிடக் கரைகள்ல வளரும். சீவாளிக்குப் பேர் போன ஊரும் திருவாவடுதுறைதான். சிதம்பரத்துல இருந்து மயிலாடுதுறை போய், கும்பகோணம் ரோட்டைப் பிடிச்சா வந்துடும்.

தட்டையை வெட்டி உடனே செஞ்சிட முடியாது. காய வைக்கணும், அதுவே மாசக்கணக்குல போகும். அப்புறம் நெல் அவிக்கும்போது கூடவே போட்டு அவிப்பாங்க. நெல்லோட ஆவியில தட்டை மெதுவா, சீரா பதமாகும். பிறகு துண்டு போட்டு, ஒரு முனையை நூலால கட்டி, மறு முனையைத் தட்டையா அமுக்கி, ஓரத்தைச் சீவி, ஊதிப் பாத்து, திரும்பச் சீவி... கடைசி வேலை முழுக்க கையும் காதும்தான்.

இது ஏன் வேலை செய்யுதுன்னு மெட்டீரியல் சயின்ஸ் பாஷையில சொல்றேன். நாணல் தண்டுங்கறது இயற்கை செஞ்ச காம்போசிட். நீளவாக்குல உறுதியான நார்கள், நடுவுல மெத்துன்னு திசு. வெளித்தோல்ல சிலிக்கா, அதான் வழவழன்னு கெட்டியா இருக்கு. எடை கம்மி, விறைப்பு அதிகம், ஈரம் பட்டா வளையும், ஆனா துவண்டு போகாது. இந்த நாலும் சேர்ந்து ஒரே பொருள்ல கிடைக்கறது கஷ்டம்.

பேக்பைப்காரங்க என்ன பண்ணாங்க?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்ல. குடியரசு தின சமயத்துல ராணுவ பேண்டுல பேக்பைப் பாத்திருப்பீங்க. ஸ்காட்லாந்து பேக்பைப்புக்கு அருண்டோ டோனாக்ஸ்ங்கற பெரிய நாணல்லதான் காலம்காலமா நாக்கு செஞ்சாங்க. நம்ம கொருக்கைக்கு சொந்தக்காரப் புல்லு. ஸ்வீடன்லயும் ஒரு வகை பேக்பைப் இருக்கு, அங்க குளத்தோரத்து நாணலை எடுத்தாங்க. அந்த ஊர்ல எது வளருதோ அது.

நம்ம பக்கமும் தோல் பை வெச்ச கருவி இருந்துது. சுருதி உபாங்கம், துத்தின்னு பேரு. மெட்டு வாசிக்காது, சுருதி மட்டும் போடும்.

சரி, இப்போ முக்கியமான பாயின்ட். பேக்பைப்ல ரெண்டு விதமான குழல். ஒண்ணு, ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சிட்டு இருக்கற ட்ரோன். இன்னொண்ணு, மெட்டு வாசிக்கற சான்டர். ட்ரோனுக்கு இன்னைக்குப் பெரும்பாலும் செயற்கை நாக்குதான், பிளாஸ்டிக், கார்பன் ஃபைபர் எல்லாம் வந்தாச்சு. ஆனா சான்டருக்கு இன்னமும் நாணலைத்தான் நிறைய பேர் விரும்பறாங்க. ஒரே கருவி, ஒரே ஆளு, ரெண்டு முடிவு. ஏன்? ட்ரோனுக்கு வேண்டியது ஸ்டெபிலிட்டி. மெட்டுக்கு வேண்டியது உயிரோட்டம்.

நம்ம கதையும் அதேதான். நாகஸ்வரத்துக்குப் பக்கத்துல சுருதிக்குன்னே ஒத்து ஊதுவாங்க. தில்லானா மோகனாம்பாள் பாத்திருந்தா ஒத்து ஊதறவரை மறந்திருக்க மாட்டீங்க. இன்னைக்கு அந்த இடத்துல பல கச்சேரியில எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்துடுச்சு. நாகஸ்வரத்தோட இடத்துல எந்தப் பெட்டியும் வரல.

இன்னொரு வித்தியாசம் இருக்கு, இதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. பேக்பைப்ல வாசிக்கறவரோட உதடு நாக்கைத் தொடவே தொடாது. நாக்கு உள்ள இருக்கு, பையில இருக்கற காத்துதான் அதை ஊதுது. நாகஸ்வரத்துல சீவாளி நேரா உதட்டுக்கு நடுவுல. கமகம் பாதி விரல்ல, பாதி சீவாளியில உதடு குடுக்கற அழுத்தத்துலயும் மூச்சுலயும் வருது. அதனால பேக்பைப்புக்கு செட்டான பொருள் நமக்கும் செட்டாகும்னு சொல்ல முடியாது. அந்தச் சின்னத் தட்டை வாசிக்கறவரோட உதட்டுக்குப் பதில் சொல்லணும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

அப்போ நாணல் இல்லாம வேற எதுலயுமே முடியாதா? உலகத்தைச் சுத்திப் பாத்தா அப்படி இல்ல. ஷெனாய்க்கு வடக்கே நர்கட்டுங்கற நாணல். பிஸ்மில்லா கான் பிறந்த பீகார் தும்ராவ்ன் அதுக்குப் பேர் போன ஊர். கொரியாவுல பிரின்னு ஒரு கருவி, அதுக்கு மூங்கில். இலங்கையில சிங்களவங்க வாசிக்கற ஹொரணைக்குத் தாளிப்பனை ஓலை. தாய்லாந்துல 'பி'ன்னு ஒரு கருவி, கம்போடியாவுல ஸ்ராலாய், பர்மாவுல ஹ்னே, எல்லாத்துலயும் பனை வகை ஓலையை அடுக்கு அடுக்கா மடிச்சு நாக்கு செய்யறாங்க. தாய்லாந்துல நாலு அடுக்கு. அதையும் நம்ம கெண்டை மாதிரி ஒரு சின்ன உலோகக் குழாயில நூலால கட்டறாங்க.

பனையோலை! யோசிச்சுப் பாருங்க. நம்ம மாவட்டத்துல எந்த ரோட்டுல போனாலும் பனமரம். 2011 டிசம்பர்ல தானே புயல் வந்து பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோட சாய்ச்சப்போ, ஏகப்பட்ட பனை அப்படியே நின்னுது. ஆத்தங்கரைப் புல்லைத் தேடி அலையறதுக்கு, வீட்டு வாசல்ல இருக்கற ஓலையை எடுத்தா என்ன?

டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்

நானும் ஜூனியரும் நாலு ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துல உக்காந்தோம். அதே நாகஸ்வரம், அதே கெண்டை. சீவாளி மட்டும் மாத்தறது. போன்ல ட்யூனர் ஆப். ரெஃபரன்ஸ், அவன்கிட்ட இருக்கற அந்த ஒரு நல்ல திருவாவடுதுறை சீவாளி.

பனையோலை, ரெண்டு அடுக்கு: உடனே சத்தம் வந்துது. அதுவே எங்களுக்கு ஆச்சரியம். ஆனா மெலிஞ்ச குரல், நாகஸ்வரம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி.

நாலு அடுக்கு: குரல்ல கனம் கூடிச்சு. ஸ்வரம் நிக்குது. ஆனா கொஞ்ச நேரம் ஊறினதும் துவள ஆரம்பிச்சுது, சுருதி இறங்குது. தாய்லாந்துக்காரங்க நாக்கு முழுசையும் வாய்க்குள்ள வெச்சு ஊதறாங்க, உதட்டால அமுக்கறது இல்ல. நம்ம ஆளு உதட்டால பிடிக்கறான். ஓலைக்கு அந்தப் பிடி தாங்கல.

மூங்கில் சிம்பு: ரொம்ப விறைப்பு. ஊதி ஊதி அவனுக்குத் தாடை வலிச்சதுதான் மிச்சம். இன்னும் மெலிசா இழைச்சா வரும்னு தோணுது, ஆனா அந்தக் கனம் இழைக்க கை வேணும்.

தயிர் கப்பை வெட்டின பிளாஸ்டிக்: இதான் பெரிய சர்ப்ரைஸ். ட்யூனர்ல முள்ளு ஆடவே இல்ல. காலையில எப்படி இருந்துதோ சாயங்காலமும் அப்படியே. மேலைநாட்டுல கிளாரினெட், ஓபோவுக்கெல்லாம் பாலிப்ரொப்பிலீன்ல நாக்கு விக்கறாங்க, அது ஏன்னு அப்பதான் புரிஞ்சுது. சரளி வரிசை, ஜண்டை வரிசைக்குப் பிரமாதம். ஆனா தோடி ஆலாபனையைத் தொட்டான், காந்தாரத்துல அசைவு வரல. ஸ்வரத்துல இருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகாம படி ஏறுது.

கடைசியா கொள்ளிடக் கரையில நாங்களே வெட்டின பச்சைக் கொருக்கை: மூணாவது நிமிஷம் பிளந்துது. செடி சரியான செடிதான், ஆனா காய்ச்சலும் அவியலும் இல்ல. அப்போ மாற்றுப் பொருள் தேடறவங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. சீவாளிங்கறது செடி பாதி, பக்குவம் பாதி. பனையோலையையும் அப்படி ஆறு மாசம் பதப்படுத்திப் பாத்தாதான் அதுக்கு நியாயமான டெஸ்ட்.

ஒரு வார்னிங். இதைக் கேட்டுட்டு கண்ல பட்ட தண்டையெல்லாம் வெட்டி வாயில வைக்காதீங்க. வாய்க்கால் ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கே நெய்வேலிக் காட்டாமணக்கு, அதை டெஸ்ட் லிஸ்ட்லயே சேக்கல. ஆடுமாடு தின்னாலே நோய் வரும். அரளி, எருக்கு ரெண்டும் விஷம். சீவாளி மணிக்கணக்கா எச்சில்ல ஊறற பொருள். முதல் கேள்வி 'சத்தம் வருமா' இல்ல, 'வாயில வைக்கலாமா'.

ஆனியும் மார்கழியும்

ரிசல்ட்டை எடுத்துட்டு ஜூனியரோட வாத்தியாரைப் போய்ப் பாத்தோம். வயசானவர், கோயில் உற்சவங்கள்ல ரொம்ப வருஷம் வாசிச்சவர். எல்லாத்தையும் ஒருதரம் ஊதிப் பாத்தார். பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம் சொன்னார்:

"தம்பி, இது பேசுது. ஆனா நான் சொன்னதைப் பேசல, அது சொல்றதைப் பேசுது."

இதைவிட நல்ல பக் ரிப்போர்ட் நான் படிச்சதில்ல.

அவர் இன்னொண்ணும் சொன்னார். சிதம்பரத்துல வருஷத்துக்கு ரெண்டு தேர். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒண்ணு, மார்கழித் திருவாதிரைக்கு ஒண்ணு. ஆனியில அனல் காத்து, சீவாளி அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும். மார்கழியில விடியகாலைப் பனி, ஊறிப் போயிடும். சாமி புறப்பாட்டுக்கு கம்பீரநாட்டையில மல்லாரி எடுத்துட்டா, சீவாளி சரியில்லன்னு நடுவுல நிறுத்த முடியாது. அதனாலதான் நாகஸ்வரத்துல நாலஞ்சு உபரி சீவாளியையும், வாயைத் திறந்து சரி பண்ண ஒரு ஊசியையும் கயிறுல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. நாம அதை அலங்காரம்னு நினைச்சிட்டு இருக்கோம். அது பேக்கப் சர்வர்.

"ஆனிக்கு ஒரு சீவாளி, மார்கழிக்கு ஒரு சீவாளின்னு எடுத்து வைப்போம். இந்த பிளாஸ்டிக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான், இல்ல?" னு கேட்டார். ஆமாங்கய்யான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப பசங்களுக்குக் குடு. நல்லதை அவன் எடுத்து வெச்சுக்கட்டும். ஆனா கமகம் ஆரம்பிச்ச அன்னைக்கு அதைப் பிடுங்கிடணும்" ன்னார்.

வேணாம்னு ஒரேயடியா சொல்லல. எங்க செல்லும், எங்க செல்லாதுன்னு கோடு போட்டுக் குடுத்தார். பேக்பைப்காரங்க ட்ரோனுக்கும் சான்டருக்கும் நடுவுல போட்ட அதே கோடு.

புல்லு போச்சுன்னா?

ஆனா மாற்றுப் பொருள் பேச்சுல ஒரு ஆபத்தும் இருக்கு. 'அதான் பிளாஸ்டிக் இருக்கே'ன்னு சொல்லிட்டு ஆத்தங்கரையை விட்டுடுவோம்.

ஜப்பான்ல என்ன நடந்துதுன்னு சொல்றேன். அவங்க அரண்மனை இசையான ககாக்குல ஹிச்சிரிகின்னு ஒரு கருவி, இதே இரட்டை நாக்குக் குடும்பம். அதோட நாக்குக்கு ஒசாகா பக்கத்துல யோடோ ஆத்தங்கரையில உடோனோங்கற இடத்து நாணலைத்தான் தேடுவாங்க. வருஷா வருஷம் குளிர்காலக் கடைசியில அந்த நாணல் காட்டுக்குத் தீ வெப்பாங்க. பழசு எரிஞ்சு, களை செத்து, புதுசு நேரா வளரும். வானிலையாலயும் கொரோனாவாலயும் தொடர்ந்து ரெண்டு வருஷம் தீ வைக்க முடியல. அவ்வளவுதான். கொடிகள் ஏறி அமுக்கிடுச்சு, நாக்கு செய்யற நாணல் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. இசைக்காரங்களும் ஊர்க்காரங்களும் கூடிக் கொடியை அறுத்து எறிஞ்சு அதை மீட்க வேண்டியதாச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழமையான இசை, ரெண்டு வருஷ மெயின்டனன்ஸ் இல்லாம தடுமாறிப் போச்சு.

நம்ம கொள்ளிடத்துல மணல் எடுக்கறோம், கரையில சீமைக்கருவேலம் ஏறுது, வாய்க்கால்ல காட்டாமணக்கு. நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், சந்தோஷம். ஆனா அது மரக்குழலுக்கு. அது மேல உக்கார்ற புல்லுக்கு யார் பொறுப்பு?

அதனால என் லிஸ்ட் இதுதான். ஒண்ணு, கத்துக்கறவங்களுக்கு மலிவான பழகு சீவாளி. பிளாஸ்டிக்கோ, பதப்படுத்தின பனையோலையோ, எதுவா இருந்தாலும் ஆரம்ப வரிசைகளுக்கு மட்டும். ரெண்டு, நல்ல சீவாளியோட நீளம், அகலம், கனம், எத்தனை நாள் காய்ச்சல், எவ்வளவு நேரம் அவியல், எல்லாத்தையும் செய்யறவங்க சம்மதத்தோட, அவங்களுக்குக் காசு குடுத்து, எழுதி வைக்கணும். இப்போ அது சில பேர் கையில மட்டும் இருக்கு. டாக்குமென்டேஷன் இல்லாத கோடு மாதிரி, எழுதினவர் போயிட்டா போச்சு. மூணு, கொருக்கை. அதை நடலாம். புல்லுதானே, வளரும். இசைப் பள்ளிகள், கோயில் நந்தவனம், குளக்கரை, எங்க தண்ணி நிக்குதோ அங்க.

மூணாவதை நாங்க ஆரம்பிச்சாச்சு. ஜூனியரோட வாத்தியார் வீட்டுக் கொல்லையில, கிணத்தடித் தண்ணி ஓடற இடத்துல பத்து கிழங்கு வெச்சிருக்கோம். வெட்டற பதம் வர இன்னும் நாளாகும். பனையோலையை நெல்லோட அவிச்சுக் காய வெச்ச ஒரு பேட்ச் என் மொட்டை மாடியில இருக்கு. ஆனித் தேருக்கு முன்னாடி அதை ஊதிப் பாப்போம், ஆடியோ கண்டிப்பா போடறேன்.

உங்க வீட்டுப் பக்கம் நாகஸ்வரம் கத்துக்கற பசங்க யாராவது இருந்தா, இந்த எபிசோடை அனுப்புங்க. அவங்க எதுல பழகறாங்கன்னு கேட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. அடுத்த கல்யாணத்துல கெட்டிமேளம் கேக்கும்போது ஒரு நிமிஷம் அந்த உச்சியில இருக்கற சின்னத் தட்டையைப் பாருங்க.

அடுத்த வாரம் தவில். அந்த வலது கை விரல் கூடு எதுல செய்யறாங்கன்னு பேசலாம். அதுவரைக்கும், டாட்டா!